எங்கே விழப்போகிறாய்

கரக்கோல் மலையடியில்
பழைய கன்டெய்னர்தான் என் கடை.
எந்தச் சரிவுக்குப் போகிறாய் என்று கேட்பதில்லை,
எங்கே விழப்போகிறாய் என்பேன்.

இயந்திரம் இழைத்த பாதையா, கை ஊன்றி விழுவாய்:
மணிக்கட்டுக்குக் காப்பு,
பின்புறம் பஞ்சு வைத்த கால்சட்டை.
சிரிக்காதே.
வாலெலும்புக்கு ஏது மாவுக்கட்டு?

ஊசியிலைக் காட்டுக்குள் என்றால் ஹெல்மெட்,
நிழலுக்கு மஞ்சள் கண்ணாடி, கழுத்தில் விசில்.
மரத்தடிப் பனி கிணறு மாதிரி,
தலைகீழாய்ப் போனவனின் கத்தலைத் தின்றுவிடும்.

நேற்று எர்மெக் என்றொருவன்.
முகட்டுக்குப் பின்னால் போகிறானாம்.
முதுகுக் கவசம், மடக்குப் பனிவாரி,
புதைந்தால் ‘இங்கே, இங்கே’ என்று துடிக்கும் கருவி,
எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன்.

‘இன்னொரு கருவி யார் கையில்?’
‘தனியாகத்தான் போகிறேன்.’

கேட்க ஆளில்லாத துடிப்பை
நான் வாடகைக்கு விடுவதில்லை.
கருவி இழுப்பறைக்குள் போனது.
மணிக்கட்டுக் காப்பை அவன் பக்கம் தள்ளினேன்.
முறைத்தான்.

சாயங்காலம் திருப்பித் தந்தபோது
இடதுகைக் காப்பில் நீளமாய் ஒரு கீறல்.
அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.
ஈரம் துடைத்து
அடுப்பருகே மாட்டினேன்.