கழித்தல் சுழியம்

காட்பாடி, மே மாதம், இரவு பதினொன்றரை.
மின்விசிறி சூட்டை அரைத்துக்கொண்டிருக்கிறது.
திரையில் வேலூர்.
ஊரின் சராசரியைவிடச் சுடும் இடம் சிவப்பு,
தணிந்த இடம் நீலம்.
வலப்பக்கம் ஒல்லியாக ஒரு வண்ணப்பட்டை,
அதன் விளிம்பில் எண்கள்.

முதலில் வந்தது இப்படி:
2.4000000000000004
மூட்டை அரிசியை நிறுத்துவிட்டு
ஒரு குருணை கூடுதல் என்று
சத்தியம் செய்கிற தராசு.
செயற்கைக்கோளே
அரை டிகிரி முன்பின் பேசும்.
புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் போதும் என்று எழுதினேன்.
வாலெல்லாம் உதிர்ந்தது.

தமிழ் எழுத்துருவை மாற்றினேன்.
கழித்தல் குறி இருந்த இடத்தில்
வெற்றுச் சதுரம்.
"எண்ணுக்கு முன்னால என்ன, சன்னலா?"
சலோமி எட்டிப் பார்த்தாள்.
அந்த எழுத்துருவைச் செய்தவர்
எதையும் கழித்ததில்லை போலும்.
நீலம் என்று வரைபடத்தில் சொல்லிக்கொள்ள
கோட்டை அகழி ஒன்றுதான்.
மேலிருந்து பார்த்தால் அதுவும்
சற்றே கோணலான வெற்றுச் சதுரம்.
அரை நிமிடம் அப்படியே விட்டுவைத்தேன்,
பிறகு எழுத்துருவை மாற்றினேன்.

ஆய்வகத்து அச்சுப்பொறியில்
கறுப்பு மை மட்டும்தான் இருக்கிறது.
தாளில் அடர்சிவப்பும் அடர்நீலமும்
ஒரே சாம்பல்.
சத்துவாச்சாரித் தகரக் கூரையும்
அகழித் தண்ணீரும்
தாளில் ஒன்றாகிவிட்டன;
இரண்டையும் பிரிக்க
இந்தச் சிறு கோடு மட்டும்தான்,
எட்டுப் புள்ளி அளவு எழுத்தில்.

நடுவில் சுழியம் இருக்க வேண்டும்.
இருந்தது −0.0.
கணினியின் கடைசி மூலையில் எங்கோ
ஒரு தூசு மிஞ்சியிருக்கிறது.
எண்ணை வெட்டினோம்,
குறியை வெட்ட மறந்தோம்.
கடன் அடைந்த பிறகும்
சீட்டில் பெயர் இருப்பதைப் போல.

ஒற்றை வரியில் திருத்திவிட்டேன்.
பட்டை சுத்தமானது.
அப்போதுதான் வரைபடத்துக்குள்
இன்னொரு −0.0 கண்ணில் பட்டது.
அது தூசு அல்ல.

கொசப்பேட்டை, புங்க மரம், பகல் இரண்டு மணி.
கன்னியப்பன் இஸ்திரி வண்டி.
கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு
என் வெப்பமானியைத் தானே பிடித்துக்கொண்டார்,
கை நடுங்காமல், மூன்று நிமிடம்.
சராசரியைவிட 0.04 டிகிரி குறைவு.
"நெழல்லதான நிக்கிறீங்க?" என்றேன்.
"இன்னா நெழலு," என்றார்,
"பேருக்குத்தான்."

அதே ஒற்றை வரி
இவரையும் வெறும் சுழியமாக்கும்.
இரண்டு இலக்கம் விட்டாலோ
அந்தக் கருவிக்குத் தெரியாத நுட்பத்தைத்
தெரியும் என்று சொன்னதாகும்.

பட்டையில் சுழியம் சுழியமாக நிற்கிறது.
கன்னியப்பன் வட்டத்தருகில் மட்டும்
−0.0 என்றே விட்டேன்.
பிழை என்று மதிப்பாய்வாளர் எழுதுவார்.
எழுதட்டும், பதில் வைத்திருக்கிறேன்.
ஒரே சொல்தான்,
அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

சலோமி தரையில் தண்ணீர் தெளித்து
அதன்மேல் படுத்துவிட்டாள்.
காய்வதற்குள் தூங்கிவிட வேண்டும்.