இரண்டாம் சிலிண்டர்

டெல்னிட்செ ஏற்றத்தில்தான் முதலில் தெரிந்தது.
மூன்று கால் நாய் படியேறுவதுபோல்
ஒரு குலுக்கல், ஒரு தயக்கம், மறுபடி குலுக்கல்.
பின்சீட்டில் தேனா நோட்டை மூடிவிட்டு
"அம்மா, காருக்கு விக்கல்" என்றாள்.
மஞ்சள் விளக்கு கண்ணடித்தது.
பின்னால் மரலாரிக்காரன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

ஸ்ரெச்கோ முதலில் பெட்ரோலைத் திட்டினான்.
அடுத்து என்னை:
கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறேனாம்.
நான் அவனுடைய மலிவு பங்க்கைத் திட்டினேன்.
ஸ்கோடாவுக்குப் பதினெட்டு வயது,
எங்கள் கல்யாணத்துக்குப் பதினாறு.

நாலு பிளக்கையும் கழற்றினோம்.
மூன்று காய்ந்து காபிப்பொடி நிறத்தில்;
ஒன்று மட்டும் பெட்ரோலில் ஊறி,
எரியாத அடுப்பின் வாசனையோடு.
புதிய பிளக் போட்டோம். மூன்று நாள் சமர்த்தாக ஓடியது.
நாலாம் நாள் மழை.
மறுபடி விக்கல்.

பள்ளி பஸ் ஓட்டும் லியெர்காவிடம் கருவி இரவல் வாங்கினேன்.
ஸ்டியரிங்கின் கீழ் சொருகினால்
அது நேராகச் சொல்லிவிடும்: இரண்டாம் சிலிண்டர்.
ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்காது.

காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் வயர்களில்
இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றினேன்.
ஸ்டார்ட் செய்தேன். அதே நொண்டல்.
கருவி இப்போது மூன்று என்றது.
குற்றம் சிலிண்டரில் இல்லை;
வயரோடு குடிபெயர்ந்திருக்கிறது.
கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரியவில்லை,
கறுப்பு ரப்பர், மேலே மர மில்லின் தூசி, அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்பதுக்கு,
இஸ்திரி போடும்போது தெளிக்கிற தண்ணீர்ப் புட்டியோடு வந்தேன்.
என்ஜின் ஓடட்டும், டார்ச்சை அணை என்றேன்.
கையைத் தள்ளியே வைத்து
பனிமாதிரி ஒரு தெளிப்பு.

இருட்டில்
மின்மினி அளவு நீலம்.
துடித்தது, நின்றது, துடித்தது.
சிலிண்டருக்குப் போகவேண்டிய நெருப்பு
வழியிலேயே கசிந்து
இரும்பைக் கொத்திக்கொண்டிருந்தது.
தேனா மூச்சுவிடவில்லை.
நான் ஒருமுறை வேண்டுமென்றே கூடுதலாகத் தெளித்தேன்.

பக்கத்தில் பார்த்தால்
ஊசி குத்தியதுபோல் இரண்டு துளை,
அரை விரல்கடை தள்ளி இன்னும் இரண்டு.
"கூனா" என்றான் ஸ்ரெச்கோ.
கீரி உடம்பு, பூனை நடை, வெள்ளைக் கழுத்து.
சூடு ஆறாத என்ஜின் மேல் இரவில் வந்து படுக்கும்.
யூரோ வரும்வரை எங்கள் காசுக்கும் அதே பெயர்தான்;
சாம்பல் கிண்ணத்தில் கிடக்கும் ஐந்து கூனா நாணயத்தில்
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வயர் செட் முப்பத்தெட்டு யூரோ.
பழைய கணக்கில் இருநூற்று எண்பத்தாறு கூனா.
"அத்தனையும் சேர்ந்து கடித்திருக்கும்" என்றாள் தேனா.

லியெர்காதான் மிச்சத்தைச் சொன்னாள்.
அது பசியில் கடிப்பதில்லை.
வண்டி வேறெங்கோ இரவு தங்கினால்
அந்த ஊர்க் கூனா தன் வாசனையை விட்டுப்போகும்.
திரும்பி வந்ததும் இங்கே உள்ளது மோந்து பார்க்கும்,
வெறி பிடித்துவிடும்.

ஒகுலினில் மூன்று இரவு நின்றது வண்டி.
அக்கா வீட்டில் கூரை வேலை என்றான்.
இருக்கலாம். அவளுக்குக் கூரை ஒழுகுவதும் உண்மைதான்.
நான் கேட்கவில்லை.
எனக்காகப் பல்லால் கேட்டது
வேறொன்று.

புது வயரை அழுத்தினேன்,
"டக்" என்று சத்தம் வரும்வரை. நாலு தடவை.
மலிவு பங்க்கைத் திட்டியதற்கு
மன்னிப்புக் கேட்கவில்லை; காபி ஊற்றிக் கொடுத்தேன்.
கோழிக்கூண்டுக் கம்பிவலையை
வண்டிக்கு அடியில் விரித்தான் அவன்.
வலைமேல் நடக்க அதற்குப் பிடிக்காதாம்.

இன்று காலை உறைபனி.
என்ஜின் நாலு காலிலும் ஓடுகிறது.
பானெட் மேல் ஐந்து விரல் தடங்கள்
ஏறி, நடுவில் கொஞ்சம் நின்று,
இறங்கிப் போயிருக்கின்றன.
ஸ்ரெச்கோ துணியோடு வந்தான்.
இருக்கட்டும், துடைக்காதே என்றேன்.