ஆறாம் பாடம்

மில் சங்கு ஊதி அடங்கிய பிறகு
விக்கிரமசிங்கபுரம் ஜெராக்ஸ் கடை மாடியில்
ஏழு பேருக்கு இங்கிலீஷ் வகுப்பு.
அத்தனை பேரும் என்னைவிட மூத்தவர்கள்.
எல்லாருக்கும் நான் டீச்சர்,
வேன் ஓட்டும் சிவனணைந்தானுக்கு மட்டும் மிஸ்.

ஆறாம் பாடத்தில் ஒரு பெங்குவின் குடும்பம்
பஸ்ஸுக்கு நிற்பதுபோல நிற்கிறது.
திஸ் இஸ் எ ஸூ, என்கிறேன்.
ஏழு குரல், ஒரு மின்விசிறி,
திரும்பச் சொல்கின்றன.
ஜன்னல் முழுக்க மலை
எதையும் திரும்பச் சொல்லாமல்.

யாராவது போயிருக்கிறீர்களா?
ஆபிதா கை தூக்கினாள்.
நகத்தோரம் புகையிலைத் தூள்.
"திருவனந்தபுரம் டீச்சர்.
அவுகளுக்குக் கண்ணுல ஆபரேசன்.
கட்டு அவுக்க மறுநாள்னுட்டாவ.
சும்மா எங்கன இருக்க?
டிக்கெட் எடுத்து உள்ள போயிட்டேன்.
ஒரு கூண்டுல குரங்கு,
மூஞ்சியச் சுத்தி நரைச்ச பிடரி,
வாலு நுனியில குஞ்சம்.
பலகைய எழுத்துக் கூட்டினேன்.
கே, ஏ, எல், ஏ...
களக்காடு!
நான் வாசிச்ச மொத இங்கிலீசு
நம்ம பக்கத்து ஊருதான், பாத்துக்கிடுங்க."

அது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.
"ஊருக்காரின்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கடைசி பெஞ்சில் மாதன் காணி சிரித்தார்.
காரையாறில் வேட்டைத்தடுப்புக் காவலர்;
கணக்கெடுக்கும் படிவம் இங்கிலீஷில் வருவதால்
மலையிறங்கி வகுப்புக்கு வருகிறவர்.
"போன மாசம் பதினாலு எண்ணினேன்.
ஒண்ணு வயித்துப்பிள்ளைக்காரி.
அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

எண்டேஞ்சர்டு
என்று கரும்பலகையில் எழுதினேன்.
சிவனணைந்தான் எழுந்தார்.
"நடுவுல டேஞ்சர் இருக்கே மிஸ்,
ஈபி கம்பத்து மண்டையோட்டுக்குக் கீழ இருக்குமே,
அந்த டேஞ்சரா?"
அதேதான்.
"அது, தொட்டா நமக்கு ஆபத்து.
இது?"
சாக்பீஸ் என் விரலில் நின்றுவிட்டது.
"அப்ப பலகைய
அது கூண்டுல மாட்டுனா சரியா வராதே"
என்றவர்
தம் சட்டையின் மேல் பித்தானைப்
பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வீட்டுப்பாடம்:
வி மஸ்ட் என்று தொடங்கி ஐந்து வாக்கியம்.

செக்போஸ்ட் தாண்டினால் ஹாரன் கூடாது,
ஆடி அமாவாசைக்கும் கூடாது,
என்று ஐந்தையும் ஹாரனுக்கே செலவழித்திருந்தார்
சிவனணைந்தான்.
சங்கரவடிவு நோட்டில்:
பாவநாசத்தில் முங்கி எழுந்து
ஆற்றோடு விட்ட துணியை
நாமே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.
பாவத்தையும் சேர்த்தா என்று கேட்டேன்.
"அதுக்கு இங்கிலீசுல என்ன டீச்சர்?"

ஆபிதா ஒரே ஒரு வாக்கியம்.
வி மஸ்ட் கோ அண்ட் டெல் த மங்க்கி
என்ன சொல்ல என்று இல்லை.
முற்றுப்புள்ளியும் இல்லை.
சிவப்புப் பேனாவைத் திறந்து
மூடிவிட்டேன்.

மாதன் காணிக்கு அன்று ரோந்து.
டவர் கிடைத்த ஏதோ பாறையிலிருந்து
ராத்திரி ஒன்றரைக்கு வந்திருந்தது
அவர் வீட்டுப்பாடம்,
இருபத்துமூன்று நொடிக் குரல் பதிவு.

போனை மேசையில் வைத்துப் போட்டேன்.
சங்கரவடிவு போய் மின்விசிறியை நிறுத்தினாள்.
முதலில் அவர் மூச்சு.
செருப்படியில் ஈரச் சருகு.
பிறகு எங்கோ உயரத்தில்
ஒரு கூவல்.
கொஞ்சம் பொறுத்து
அதற்குப் பதிலாய் இன்னொன்று,
சின்னதாக.

ஒரு இங்கிலீஷ் சொல் இல்லை.
மதிப்பெண் எத்தனை போட?

"இன்னொரு தடவ டீச்சர்" என்றாள் ஆபிதா.
போட்டேன்.
ஏழாம் பாடம் ரயில் நிலையத்தில்.
அன்றைக்கு ரயில்
கிளம்ப வெகுநேரம் ஆனது.