தட்டிப் பார்த்தது

செம்மண்டலத்தில் ஒரு தையல் கம்பெனி,
மூன்று மாடி, அதற்கு மேல் வெறும் தளம்.
அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் நான்கு நாள்.
"செருப்பைக் கழற்றிடாதீங்க மேடம்" என்றார் அமீர்ஜான்.
தன் கட்டடத்தைப் பற்றி அவர் சொன்னதில்
அந்த ஒன்றைத்தான் அப்படியே நம்பினேன்.

நூற்றிருபது பேனல்.
லோன் பாஸாகிவிட்டது, லாரிக்கு முன்பணம் போய்விட்டது.
எந்தப் பக்கம் வைக்கலாம் என்று மட்டும் கேட்டார்,
சோபா வாங்கி வந்தவர்போல.

பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன்.
ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டு போனேன்.
ணங் என்றால் பிடிப்பு இருக்கிறது.
தொப் என்றால் அடியில்
யாரோ வீட்டைக் காலி செய்து போயிருக்கிறார்கள்.
தென்மேற்கு மூலையில் பதினோரு ஓடு
தொப் தவிர வேறொன்றும் பேசவில்லை.

கலியபெருமாள் அங்கே ஒரு சதுரம் வெட்டினார்.
ஓடு, சுருக்கி, அதற்கும் கீழே
எவரோ எப்போதோ போட்ட தெர்மோகோல்,
கையில் எடுத்தால் உதிர்ந்தது, ஆனால் கனத்தது.
மழை நின்று ஐந்து மாதம்.
குழியில் மெதுவாகத் தண்ணீர் ஊறியது.
அமீர்ஜான் விரல் விட்டு முகர்ந்தார்.
"தானே புயல் தண்ணியா இருக்குமோ?"
அவர் சிரிக்கவில்லை.

இருக்கலாம்.
எந்த வருஷத்துப் புயல் என்று தண்ணீர் சொல்லாது,
எடையை மட்டும் சொல்லும்.
பேனலுக்கு விட்டுவைத்த இடத்தை
அது சத்தமில்லாமல்
முன்னமே வாடகைக்கு எடுத்திருந்தது.

பிறகு காற்று.
இந்த ஊர்க் காற்று தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.
அது கைப்பிடிச்சுவர் ஏறி, வளைந்து,
இளநீரை உறிஞ்சுகிற மாதிரி
பேனலை மேல்நோக்கி இழுக்கும்.
தளத்தில் ஓட்டை போடாமல் நிறுத்த
கான்கிரீட் கட்டைகள் வேண்டும்.
அதிகம் வைத்தால் தளம் முனகும்.
குறைத்தால் அடுத்த கார்த்திகையில்
கெடிலத்தில் இறங்கிப் பேனல் தேட வேண்டும்.

அவருடைய பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன்:
ஈரத்தை முழுக்கச் சுரண்டி இறக்குவது,
வாட்டம் சரிசெய்வது,
வெப்பம் தடுக்கும் பலகை, அதன்மேல் நீர் புகாத விரிப்பு.
மாதிரிப் பலகையில் நகத்தை அழுத்தினேன்.
முதலாவது இட்லிபோல் அமுங்கியது.
வெயிலைத் தடுக்கும், பேனலின் காலைத் தாங்காது;
கால் புதையும், விரிப்பு கிழியும்,
இன்னொரு புயல் குடிவரும்.
இரண்டாவது, என் நகத்தைத்தான் வலிக்க வைத்தது.
விலையும்.

"கரண்ட் தராத பொருளுக்கு
எதுக்கு நான் இவ்வளவு காசு கொடுக்கணும்?"

நியாயமான கேள்வி.
படியிறங்கி மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனேன்.
ஐம்பத்திரண்டு மெஷின்.
ஸ்டூல் மேல் ஏறி உள்கூரையில் கை வைக்கச் சொன்னேன்.
வைத்தார், எடுத்தார்.
அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்.
காஜா எடுக்கும் நஸ்ரத்
ஈரத்துண்டைத் தலையில் போட்டிருந்தாள்,
காலர் தைக்கும் தெய்வயானை கழுத்தில்.
சட்டையில் வியர்வை பட்டால் பீஸுக்கு இரண்டு ரூபாய் பிடிப்பு.
அந்தப் பிடிப்பை யார் போட்டார் என்று
அங்கே யாரும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தபோது பலகை போட்டு முடிந்தது.
நாற்பத்தெட்டு மணி நேரம்
தளத்தில் தண்ணீர் கட்டிச் சோதித்தோம்,
கீழே ஒரு பொட்டு இல்லை.
பேனல்தான் வரவில்லை.
மின்வாரியத்தில் ஒரு கையெழுத்து பாக்கி,
பெட்டிகள் விழுப்புரம் குடோனில்.

மீட்டர் இன்னும் பழைய பக்கமே ஓடுகிறது.
நேற்று மதியம் மூன்று மணிக்குப் போனேன்.
துண்டுகள் ஜன்னல் கம்பியில் காய்ந்து விறைத்துக் கிடந்தன.
தரைத்தளத்தில் அமீர்ஜானின் அறை பூட்டியிருந்தது.
மேசையை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டாராம்,
ஏசி பில் மிச்சமென்று.

நஸ்ரத் ஊசியில் நூல் கோத்தபடி
என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
"நல்ல வேலை பார்த்தீங்க மேடம்.
இப்ப நாள் முழுக்க முதலாளி இங்கேயே உட்கார்ந்திருக்கார்."

அந்தச் சுமையை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.