தயார்

தடைக்காலம் முடிகிற ராத்திரி.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மிஷின் முன்னால்
எனக்கொரு ஸ்டூல், ஒரு நோட்டு, இரண்டு கார்பன் தாள்.
படகுக்கு ஒரு வரி:
ஐஸ் இருநூறு பார். டீசல். தண்ணீர் கேன்.
அரிசி, மிளகாய்த்தூள், பீடிக்கட்டு
(அதை எழுதாதே என்பார்கள், எழுதுவேன்).
கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்:
தயார்.

சோறு தயார், மாப்பிள்ளை தயார், பாடை தயார் என்று
எல்லா வீட்டிலும் கூலிக்குப் போகிற சொல்.
எடைக்குப் போட வந்த அகராதி ஒன்றில்
போன வாரம்தான் அதன் ஊரைப் பார்த்தேன்.
அரபியில் கிளம்பி, உருதுவில் ஏறி,
இங்கே இறங்கியதாம்.
கிளம்பிய இடத்தில் அதற்குப் பறப்பது என்று பொருள்.
பழைய இறகெல்லாம் கொட்டி
புதிது முளைத்து முடித்த வல்லூறைக் காட்டி
வேட்டைக்காரன் சொன்னதாம்.

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில்
புறா விடுகிற மதார்ஷாவிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"எறகு கொட்டறப்போ பந்தயத்துக்கு வுட்டா
திரும்பாதும்மா.
கம்பு எவ்ளோ போட்டாலும் சரி.
கொட்டணும். கொட்டி முடிக்கணும்."

அறுபத்தொரு நாள் படகுகள் கரையில் கிடந்தன.
சிப்பியைச் சுரண்டினார்கள்,
போன வருஷத்துப் பெயிண்டைச் சுரண்டினார்கள்.
வார்ஃப் ஓரமெல்லாம் நீலமும் பச்சையுமாய்ச் செதில்.
என் நோட்டில்
ஏறியதற்குத்தான் கட்டம் உண்டு.

இரண்டு மணிக்கு இன்னாசியின் படகு.
சாமானெல்லாம் ஏறிவிட்டது, அவன் ஏறவில்லை.
கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து
மடியில் ஒரு ஜோடி செருப்பு.
தை மாசம் அவன் மச்சான் கழற்றிப் போட்டது,
வீல் ஹவுஸ் பலகைக்கு அடியில்.
அத்தனை சுரண்டலிலும்
யாரும் கை வைக்காதது.

"இன்னாசி, தயாரா?"

"அக்கா, எழுதாத. இரு."

பின்னால் பதினோரு படகு. ஹாரன்.
எவனோ என் பிறப்பையே திட்டுகிறான்.
அவசரத்தில் எழுதிவிட்டேன்,
ஒரு கால் கூடிப்போய்:
தாயார்.
அடித்தால் மூன்று பிரதியிலும் அடிக்கவேண்டும்.
ஐஸ் ஈரத்தில் மை வேறு ஊறிவிட்டது.

எப்போது எழுந்தான் என்று பார்க்கவில்லை.
குனிந்தபோது என் ஸ்டூலுக்கடியில்
அந்தச் செருப்பு, ஜோடியாக,
வாசலைப் பார்த்தபடி.
வெறுங்காலோடு தாவியிருக்கிறான்.
புகையும் சத்தமும் முகத்துவாரம் வரை தெரிந்தது.

அடுத்த படகு, எண் சொல்லு என்றேன்.
மீன்வளத்துறைக்குப் போகிற பிரதியில்
அந்தக் கால் அப்படியேதான் நிற்கிறது.