மூடி

தங்கச்சிமடம். ரொசாரியம்மாள் கடை.
தூண்டில் முள் போட்டு வைத்திருந்தாள்
கொழும்பு பபுள்கம் பெட்டியில்.
ஒன்று ஐந்து சதம்.

உள்ளே வந்த நடிகர் படங்கள்
என்னைப் போன்ற கிறுக்கர் எல்லாரிடமும் உண்டு.
கடைக்காரன் கிழித்து அடுப்பில் போட்ட பெட்டிதான்
கிடைக்காது.

"காலி டப்பாவுக்கா மூவாயிரம்?"
முள்ளை முறத்தில் கொட்டினாள்.
அடியட்டையில் துரு வளைவு வளைவாய்.

மூடி?
"அது தங்கச்சி பங்கு. மண்டபத்துல இருக்கா.
பதினோரு வருசமா பேச்சில்ல."

பாலத்தில் பஸ் ஏறியதும்
உப்புக்காற்று படாமல்
சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

பிலோமின் மூடியைத் தரவில்லை.
பெட்டியை வாங்கி
மேலே வைத்து அழுத்தினாள்.
சேர்ந்தது.

விலையைச் சொன்னேன், காதில் விழவில்லை.

"அப்ப முள்ளெல்லாம்
இப்ப எதுல போட்டிருக்கா?"