உறங்கும் பங்காளி

கோப்பில் என் பெயர் உறங்கும் பங்காளி.
விடியற்காலை மூன்றுக்கு
பீடோர் சந்தில் முதல் லோரி உறுமும்போது
எழுந்து உட்காருகிறவள் நான்தான்.

சேமநிதிப் பணம், முப்பதாயிரம் வெள்ளி.
போனால் அது போகும்; அதற்கு மேல்
என் படியேற எந்தக் கடன்காரனுக்கும் வழியில்லை.
இருசப்பனுக்கு அப்படியில்லை.
ஆலை மேட்டில் செம்பனைக் குலை சரிந்து
கெலிண்டான் பையன் கால் நசுங்கிய இரவு
அவன் அம்மா தட்டியது இருசப்பன் வீட்டுக் கதவை.
அந்தக் கதவும் சேர்ந்துதான் அடமானம் போனது.

டயர் கடை மாடியில் கூட்டம்.
கொங்சியைக் கலைத்து
செண்டிரியான் பெர்ஹாட் ஆக்கிவிட்டால்
யார் வீடும் போகாது என்றாள்
ஈப்போவிலிருந்து வந்த செயலாளர்.
ஆ செங் அப்போதே கையெழுத்துப் போட்டான்.
நான் கேட்டேன்:
அடுத்த முறை எந்தக் கதவைத் தட்டுவது?
முகவரியைக் காட்டினாள். இதே மாடி.
ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவோம்.

வேண்டாம் என்று சொல்ல நான் யார்,
ஒன்பது வருடம்
அடுத்தவன் கூரையில் நனையாமல் நின்றவள்?
போட்டேன்.

கடைசிப் பத்தியில் ஒரு வரி:
பதிவாகும் முன் கைவிடவும் செய்யலாம்.
இருசப்பன் அதில் விரல் வைத்து
இரண்டு தரம் படித்தான்.
அவன்தான் அனுப்ப வேண்டும்.
தாளை மடித்து லோரிக்குள்
டீசல் ரசீதுகளோடு செருகினான்.

அந்த வெள்ளிக்கிழமை போனது. அடுத்ததும்.
நான் கேட்கவில்லை.

மூன்று மணி. உறுமல்.
சன்னல் வழியே பார்க்கிறேன்:
கதவில் பழைய பெயர்தான்,
மழையில் கொஞ்சம் உரிந்து.